புதுப்பிப்பு: கோயில் சர்வர் லாக்கில் வந்த விசித்திர வரிகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் இணையதளத்தின் லாக்கில் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு) புள்ளியும் சதவீதக் குறியுமாக வரிவரியாக வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது அப்பாச்சி என்ற வலை சர்வர் மென்பொருளின் 2.4.49 பதிப்பு. தளத்தின் கோப்புறைக்கு வெளியே இருக்கும் கோப்புகளையும் படிக்கவிடும் ஓட்டை அதில் இருப்பது 2021 அக்டோபரிலேயே அம்பலமாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக நுழையப் பார்த்தவர்களின் முயற்சிகள்தான் அந்த வரிகள். அவசரமாக வந்த 2.4.50 அதைச் சரியாக அடைக்கவில்லை, 2.4.51-இல்தான் அடைபட்டது. சரி, நான் மாதாமாதம் அப்டேட் போட்டும் ஏன் மாறவில்லை? முன்பு அமைத்துக் கொடுத்தவர் மூலநிரலை இறக்கிக் கையால் நிறுவியிருக்கிறார், சிஸ்டம் அப்டேட் அதைத் தொடவே தொடாது! நல்லவேளை, கோப்பமைப்பு முழுவதற்கும் அனுமதி மறுக்கும் வரி அப்பாச்சியின் கான்ஃபிக் (அமைப்புக்) கோப்பில் இருந்ததால் அப்படி வந்தவர்களுக்கு 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. நேற்று ராத்திரி பழையதைக் கழற்றிவிட்டு சர்வரின் இயங்குதளமான டெபியன் தரும் அப்பாச்சி தொகுப்பையே போட்டேன், இனி சிஸ்டம் அப்டேட்டிலேயே அதுவும் புதுப்பிக்கப்படும். திருவிழா நன்கொடைப் பக்கம் 20 நிமிடம் படுத்துவிட்டது, அதற்குள் தலைவர் அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.