நெக்ஸான் இ.வி. 45: வீட்டு பிளக் போதுமா?

கேள்வி: குடும்பத்துக்காக டாடா நெக்ஸான் மின்சார காரின் 45 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட மாடலை வாங்க எண்ணுகிறோம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் போதுமா, அல்லது 7.2 கிலோவாட் சார்ஜரைத் தனியே பொருத்த வேண்டுமா?

பதில் 1: அந்த பிளக்கில் மணிக்குச் சுமார் 3 கிலோவாட் மணி மட்டுமே ஏறும் என்பதால், காலியான பேட்டரி நிறைய 15 மணி நேரத்துக்கும் மேல் ஆகும், எனினும் அன்றாடம் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரவில் சில மணி நேரமே போதுமானது. 7.2 கிலோவாட் சார்ஜர் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் எர்த்திங்கையும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள்.

பதில் 2: ஒரு முழு சார்ஜில் இந்த கார் ஓடும் என்று நிறுவனம் சொல்லும் 489 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூட எண், ஏசியுடன் நெடுஞ்சாலையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வேக சார்ஜரில் 80 விழுக்காட்டுக்குப் பிறகு மின்சாரம் மெதுவாகவே ஏறும், ஆகவே அத்துடன் புறப்பட்டுவிடுவது நல்லது.

பதில் 3: வசதிகளில், காரிலிருந்தே வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் தரும் வி-டு-எல் தான் என் பார்வையில் உண்மையிலேயே பயனுள்ளது, மின்வெட்டின்போது விளக்கும் விசிறியும் ஓடும்.