சி மொழியில் ஃபைல் படிக்கும்போது ஒரே பெயர் நிற்காமல் ஓடுகிறது

செம்பனைப்பையன், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். டிப்ளோமாவில் சி படிக்கிறேன். ஏதாவது ஒரு பதிவேட்டை ஃபைலிலிருந்து படித்துக் காட்டச் சொல்லி அசைன்மெண்ட். அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி). அவருடைய குலைக் கணக்கையே டைப் செய்து வைத்தேன்: பிளாக் எண், பெயர், வெட்டிய குலை எண்ணிக்கை. ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பனில் படிப்பதற்கான 'ஆர்' போட்டுத் திறந்து, ஃபைல் முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் உண்மையாகும்வரை சுற்றி, ஃபைலிலிருந்து வாசிக்கும் எஃப்ஸ்கேன்எஃப்பால் எண், சொல், எண் என்று வாங்குகிறேன். முதல் வரி '7 செல்வம் 85' சரியாக வருகிறது. அடுத்தது '9 முனியாண்டி ஏ/எல் ராமன் 62' (ஏ/எல் என்றால் இன்னாரின் மகன்). அதிலிருந்து திரை முழுக்க '9 முனியாண்டி 85' தான்! கன்ட்ரோல் சி அடித்தால்தான் நிற்கிறது. 62 எங்கே போனது?

ஈப்போகாரன்:
ஃபைல் கெட்டிருக்கும். அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்து பாருங்கள்.

பழைய கிராணி:
ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி. அந்த 85 செல்வத்தின் குலை.

எஃப்ஸ்கேன்எஃப்பில் சொல்லுக்கான 'எஸ்' போட்டால் இடைவெளி வரைதான் படிக்கும். 'முனியாண்டி'யோடு நின்றுவிட்டது. அடுத்து எண் கேட்கிறீர்கள், அங்கே இருப்பதோ 'ஏ/எல்'. எண் இல்லையென்றால் அது எதையும் எடுக்காது, மதிப்பை வைத்திருக்கும் மாறியையும் தொடாது. அதனால்தான் பழைய 85 அப்படியே இருக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே 'ஏ/எல்'லில் முட்டி நிற்கும். ஃபைலின் கடைசிக்கே போகாதபோது எஃப்இஓஎஃப் எப்படி உண்மையாகும்? நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலை வைத்துப் பழகுகிற யாருக்கும் இது வரத்தான் செய்யும். பாடப்புத்தகத்தில் எல்லாருக்கும் ஒற்றைச் சொல் பெயர்தானே.

வரியை '9,முனியாண்டி ஏ/எல் ராமன்,62' என்று மாற்றுங்கள். எஃப்கெட்ஸால் முழு வரியை வாங்கி, வாங்கிய வரியை எஸ்ஸ்கேன்எஃப்பால் பிரித்தெடுங்கள். பெயருக்கு 'எஸ்' வேண்டாம். சதவீதக் குறி, 49, அப்புறம் சதுர அடைப்புக்குள் தொப்பிக் குறியும் காற்புள்ளியும். காற்புள்ளி வரும்வரை எடு என்று பொருள். 49 எதற்கென்றால், பெயருக்கு 50 இடம் ஒதுக்கினால் கடைசி இடம் எழுத்துகள் முடிந்ததைக் காட்டும் சுழியக் குறிக்கு. எண், பெயர், எண் மூன்றும் கிடைத்ததற்கு அடையாளமாக எஸ்ஸ்கேன்எஃப் 3 தரவில்லையென்றால் அந்த வரி கோளாறு, திரையில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எஃப்இஓஎஃப்பை எடுத்துவிட்டு, இனி வரி இல்லை என்று எஃப்கெட்ஸ் 'நல்' (NULL) தரும்வரை சுற்றுங்கள்.

யாராவது எஃப்கெட்ஸுக்குப் பதில் பழைய கெட்ஸ் பயன்படுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். சி மொழியின் 2011 தரத்திலேயே அதைத் தூக்கிவிட்டார்கள்.

செம்பனைப்பையன்:
வந்துவிட்டது அண்ணே, 62 உட்பட! நன்றி. நாளைக்கு வரும் கணக்கையும் அதே ஃபைலில் எழுத எஃப்ஓப்பனில் 'ஆர்'க்குப் பதில் 'டபிள்யூ' போடலாமா?

பழைய கிராணி:
ஐயோ, வேண்டாம்! 'டபிள்யூ' போட்டுத் திறந்த உடனே பழையது எல்லாம் காலி. ஓர் எழுத்துகூட எழுதியிருக்க வேண்டியதில்லை. 'ஏ' போடுங்கள், கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். முடிந்ததும் எஃப்குளோஸால் ஃபைலை மூடுங்கள். எழுதியது முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் கிடக்கும். நடுவில் புரோகிராம் விழுந்தால் அது ஃபைலுக்கு வந்து சேராது.