பழைய பேண்ட் சோ: சூடானதும் பிளேட் முன்னும் பின்னும் ஓடுகிறது

களுவாஞ்சிக்குடி பட்டறை:
வணக்கம். கல்முனைப் பக்கம் மூடிவிட்ட ஒரு மரக்காலையிலிருந்து 14 அங்குல பேண்ட் சோ (மேல், கீழ் இரண்டு வீலில் வளையமாக ஓடும் பிளேட்டால் மரம் அரிகிற மெசின்) ஒன்று பழசாக வாங்கினேன். வார்ப்பிரும்பு உடம்பு, பேரிங் எல்லாம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. போட்டவுடன் ஒழுங்காக ஓடும், ஆனால் கொஞ்ச நேரம் தொடர்ந்து அரிந்தால் பிளேட் மேல் வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் நகரத் தொடங்கிவிடும், அதோடு சேர்ந்து ஒரே சீராக டக்டக்கென்று ஒரு சத்தம். பிளேட் வீலில் ஓடுகிற இடத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் குமிழைத் திருகினால் அடங்கும், மறுகா பழையபடிதான். இன்னொன்று, மாம்பலகையை நேராக அரிகிறது, வைரமான முதிரை வைத்தால் கோட்டை விட்டு இடது பக்கம் போகிறது. மோட்டர் தகட்டில் 60 ஹேர்ட்ஸ் என்று அடித்திருக்கிறது, நம்முடைய கரண்ட் 50. அதனால்தானா? கதவு நிலை ஓடர் ஒன்று கையில் இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏறாவூர்:
பிளேட்டை வளையமாக ஒட்டின இடம் கோணலாக இருக்கும் அண்ணன். புதுசு ஒன்று போடுங்க, சரி வரும்.

மோட்டர் வைன்டிங் செய்பவர்:
60 ஹேர்ட்ஸ் மோட்டர் 50இல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நாலு போல் மோட்டர் என்றால் 1800க்குப் பதில் 1500க்குக் கிட்ட சுற்றும், சூடும் கொஞ்சம் கூடும். ஆனால் அது பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தாது. தகட்டில் வோல்ட் எவ்வளவு என்று ஒருக்கா பாருங்கள், 230க்குப் பொருந்தாவிட்டால் அது தனிக் கதை. அப்புறம், பெல்டைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் வராவிட்டால் மோட்டரை மறந்துவிட்டு வீல் பக்கம் தேடலாம்.

அக்கரைப்பற்று தச்சுவேலை:
தம்பி, பிளேட் வாங்கக் கடைக்குப் போக முதல், அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சூடாகிப் பிழை காட்டுகிற நேரத்திலேயே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வீல் ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். ஆறின பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது, அங்கேதான் கனபேர் ஏமாறுகிறார்கள். பிளேட் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற கைட் இரண்டையும், பின்னால் உள்ள பேரிங்கையும் பிளேட்டைத் தொடாமல் நன்றாகத் தள்ளிவிடுங்கள். வெண்கட்டியால் பிளேட் ஒட்டின இடத்தில் ஒரு கோடு, மேல் வீலில் ஒன்று, கீழ் வீலில் ஒன்று. இப்போது மேல் வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு பிளேட்டின் முதுகைக் கவனியுங்கள். 14 அங்குல வீலின் சுற்றளவு 44 அங்குலம், இந்த அளவு மெசினில் வழக்கமாகப் போடுகிற பிளேட் தொண்ணூற்று மூன்றரை. அதாவது வீல் இரண்டு சுற்றும் இன்னும் கொஞ்சமும் போனால்தான் பிளேட்டின் கோடு திரும்பி வரும். பிளேட் கோடு வரும்போது மட்டும் துள்ளினால் ஒட்டுத்தான் பிழை, ஏறாவூர் தம்பி சொன்னது சரி. ஒவ்வொரு வீல் சுற்றுக்கும் துள்ளினால் எத்தனை பிளேட் மாற்றினாலும் வேலையில்லை. எனக்கென்றால் வீலில் போட்டிருக்கும் ரப்பர் மேலேதான் சந்தேகம். சூட்டில் பசை இளகி ஒரு இடத்தில் ரப்பர் எழும்பும். அந்த ரப்பரின் நடு கொஞ்சம் மேடாக இருக்கும், பிளேட் எப்போதும் அந்த மேட்டில் ஏறித்தான் நிற்கப் பார்க்கும். மேடு தேய்ந்து தட்டையானாலோ, புடைத்தாலோ, பிளேட்டுக்கு நிற்க இடமில்லை.

களுவாஞ்சிக்குடி பட்டறை:
நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன் அண்ணன். மோட்டர் தனியாக ஓடும்போது சத்தமே இல்லை, தகட்டிலும் 230 என்றுதான் இருக்கிறது. துள்ளல் கீழ் வீலின் கோட்டோடுதான் வருகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும். கையால் தடவிப் பார்க்க ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் எழும்பி, அமத்தினால் உள்ளே போகிறது. ஓரத்தைக் கிளப்பினால் உள்ளே பிசினும் மரத்தூளும் இறுகிக் கறுப்பாகப் படிந்திருக்கிறது. இதற்கு சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார், சரி வருமா?

அக்கரைப்பற்று தச்சுவேலை:
வேண்டாம். டியூப்பில் நடு மேடும் இல்லை, பொருத்துகிற இடத்தில் தடிப்பும் வரும், திரும்ப அதே துள்ளல்தான். பழைய ரப்பரை முழுக்க உரித்து, தின்னரால் துடைத்து, வீலின் இரும்பு தெரியுமட்டும் சுத்தம் செய்யுங்கள். புது ரப்பர் வீலைவிடச் சிறிய அளவில்தான் வரும், இழுத்துப் போட வேண்டும், அந்த இறுக்கம்தான் பிடித்து வைத்திருக்கும். யூரிதேன் ரகம் கிடைத்தால் சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் போடுங்கள், பசையே தேவையில்லை. இரண்டு வீலுக்கும் சேர்த்து மாற்றுங்கள். கீழ் வீலில் தூள் படியாமல் ஒரு பிரஷ் பொருத்திவிடுங்கள், முதிரையும் தேக்கும் அரிகிற மெசினுக்கு அது இல்லாமல் முடியாது. வேலை முடிந்ததும் பிளேட்டை இழுத்து வைத்திருக்கும் டென்ஷனைத் தளர்த்துங்கள், இறுக்கியபடியே விட்டால் ஸ்பிரிங் செத்துப்போகும்.

இடது பக்கம் இழுக்கிறது வேறு வருத்தம். பல்லில் ஒரு பக்கம் மழுங்கினால் பிளேட் கூர் உள்ள பக்கம் போகும், உங்களுக்கு வலது பக்கப் பல் மழுங்கியிருக்கும், அனேகமாகப் பழைய மரத்தில் ஆணி பட்டது. மாம்பலகை மெது, காட்டிக்கொடுக்காது. முதிரைக்கு அரை அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேட் போடுங்கள். கைட்டைத் திரும்ப வைக்கும்போது ஒரு கடதாசித் தடிப்பு இடைவெளி, பல் மட்டும் கைட்டுக்குள் போகக்கூடாது. பின் பேரிங் சும்மா ஓடும்போது சுற்றக்கூடாது, மரம் தள்ளினால்தான் சுற்ற வேண்டும்.

ஏறாவூர்:
புது ரப்பர் போட்ட பிறகு டிராக்கிங்கைக் கையால் சுற்றித்தான் முதலில் சரி பார்க்க வேணும் அண்ணன், உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீங்க. மூடி இரண்டையும் பூட்டிவிட்டு ஓடவிடுங்க.