80070570 பிழை: விண்டோஸ் 11 நிறுவும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சதவீதத்தில் நிற்கிறது

நள்ளிரவு_நிரலி:

புதிதாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது.

மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் புதுசு. ரேம் டிடிஆர்4, 3600 வேகம், 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் அச்சடித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன். ஓஎஸ் போக வேண்டிய 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மட்டும் பழையது. தவிர, ஃபோட்டோக்களும் ஆவணங்களும் உள்ள 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றும் மாட்டியிருக்கிறது.

முதலில் "எஸ்எஸ்டியில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி வேண்டும்" என்று நின்றது (டிஸ்க்கைப் பிரித்துக் குறிக்கும் பழைய முறை எம்பிஆர், புதியது ஜிபிடி). எஸ்எஸ்டியில் இருந்த எல்லா பார்ட்டிஷனையும் அழித்து, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அது தாண்டிவிட்டது. இப்போது ஃபைல்களை எழுதும் கட்டத்தில் 80070570 என்ற பிழை, அதாவது ஃபைல் சிதைந்திருக்கிறது என்கிறது. முதல் தடவை 23 சதவீதம், அடுத்து 61, பிறகு 40. ஒரு தடவை நீலத்திரையே வந்தது. பென்டிரைவை இரண்டு முறை புதிதாக எழுதினேன், போர்ட்டையும் மாற்றினேன். எஸ்எஸ்டி போய்விட்டதா? வேறு வாங்குவதா?

சாட்டாகேபிள்:

வாங்குறதுக்கு முன்னாடி இரண்டு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, ஐஎஸ்ஓ, அதாவது நீங்க டவுன்லோடு பண்ணின விண்டோஸ் ஃபைல். அது இருக்கிற கம்ப்யூட்டர்ல பவர்ஷெல் திறந்து "கெட்-ஃபைல்ஹாஷ்" கட்டளைக்குப் பின்னாடி ஃபைல் பேரைக் கொடுங்க, எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் மதிப்பு வரும், அது ஃபைலோட கைரேகை மாதிரி. டவுன்லோடு பக்கத்துல போட்டிருக்கிற மதிப்போட ஒரு எழுத்து விடாம ஒத்துப் போகணும். பென்டிரைவ் மேலயும் சந்தேகம் இருந்தா, ரூஃபஸ்ல (ஐஎஸ்ஓவை பென்டிரைவ்ல எழுதுற மென்பொருள்) எழுதும்போது பேட் பிளாக் சரிபார்க்கிற டிக்கைப் போடுங்க. 64 ஜிபின்னு லேபிள் ஒட்டி, உள்ளுக்குள்ள 8 ஜிபி வச்ச போலி டிரைவ் எல்லாம் அதுல மாட்டிக்கும். நேரம் பிடிக்கும், பொறுமையா இருங்க.

இரண்டாவது, எஸ்எஸ்டி. லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல (நிறுவாமலே ஓடுறது) பூட் பண்ணி ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன்னைப் பத்தித் தானே குறிச்சு வைக்கிற உடல்நிலைப் பட்டியலைப் பாருங்க. அதுல 5, 197, 198 எண்கள்ல (கெட்டுப் போன, படிக்க முடியாத இடங்களோட கணக்கு) பெரிய மதிப்பு இருந்தா டிஸ்க்கைச் சந்தேகப்படலாம், ஆனா எஸ்எஸ்டில இது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 199 (டேட்டா போய்வரும்போது வந்த பிழைகளோட கணக்கு) கூடியிருந்தா தப்பு பெரும்பாலும் டிஸ்க் மேல இல்ல, சாட்டா கேபிள் மேல. அந்த எண்ணிக்கை எப்பவும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அதனால இப்ப எவ்வளவுன்னு குறிச்சு வச்சு, சில ஜிபி எழுதிட்டு திரும்பப் பாருங்க. ஏறினா கேபிளை மாத்துங்க.

பயாஸ்_பாட்டன்:

மேலே சொன்னவை செய்ய வேண்டியவைதான். ஆனால் கேள்வியிலேயே விடை இருக்கிறது: 23, 61, 40.

ஐஎஸ்ஓ கெட்டிருந்தால் கெட்ட இடம் இடம்பெயராது. ஒவ்வொரு தடவையும் அதே ஃபைலில், ஏறக்குறைய அதே சதவீதத்தில் நிற்கும். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, நடுவில் நீலத்திரையும் வருகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ரேமைத்தான். அதுவும் எக்ஸ்எம்பி போட்ட ரேம்.

டிஸ்க்கில் எழுதும் வேலைக்கும் ரேமுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் இன்ஸ்டாலர் முழுவதும் ரேமுக்குள் உருவாக்கப்பட்ட எக்ஸ் என்ற டிரைவில்தான் ஓடுகிறது. விண்டோஸ் ஃபைல்களோ ஒரே பெரிய கோப்புக்குள் அழுத்தி அடைக்கப்பட்டவை. அவற்றை ரேமில் விரித்து, உள்ளே பதிந்திருக்கும் ஹாஷோடு ஒப்பிட்டு எஸ்எஸ்டியில் எழுதுகிறது. விரிக்கும்போது ஒரே ஒரு பிட் புரண்டாலும் ஹாஷ் ஒத்துப் போகாது. இன்ஸ்டாலருக்குத் தெரிந்ததெல்லாம் "ஃபைல் சிதைந்திருக்கிறது" என்பதுதான், சிதைத்தது யார் என்று அதற்குத் தெரியாது. பாவம் எஸ்எஸ்டி பழி சுமக்கிறது.

எக்ஸ்எம்பி என்பது ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஸ்டிக்கில் 3600 என்று அச்சடித்திருந்தாலும், அந்த வேகத்தை பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் தாங்க வேண்டும். ரைசன் 5000 வரிசைக்கும் இன்டெல் 12ஆம் தலைமுறைக்கும் டிடிஆர்4-இல் அதிகாரபூர்வ வரம்பு 3200தான். அதற்கு மேல் ஓடுவது பெரும்பாலும் ஓடும், உத்தரவாதம் கிடையாது.

இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்யுங்கள். ரேம் 2133 முதல் 2666க்குள் ஏதோ ஒரு வேகத்துக்கு இறங்கும், வோல்டேஜ் 1.35-இலிருந்து 1.2க்கு வரும்.
2. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் ஸ்டிக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றித் திரும்ப மாட்டும்போது பவர் கேபிளை முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். கிளிப் "டக்" என்று விழ வேண்டும். பாதி உட்கார்ந்த ஸ்டிக்கும் பூட் ஆகும், பிறகுதான் கழுத்தறுக்கும்.
3. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் எழுதி ஓட்டுங்கள். யூஇஎஃப்ஐயில் (பயாஸின் புதிய வடிவம்) பூட் ஆக 6ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். பூட் ஆக மறுத்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். 32 ஜிபிக்கு ஒரு பாஸ் (ஒரு முழுச் சுற்று) முடியவே வெகுநேரம் ஆகும், இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். "ஒரே ஒரு எர்ரர்தானே" என்ற கணக்கு இங்கே கிடையாது. ஒன்று வந்தாலும் ஃபெயில்தான்.

எக்ஸ்எம்பி ஆஃப் செய்தும் எர்ரர் வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் 2ஆவது ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள், பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதை. ஸ்டிக்கோடு எர்ரரும் போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக் வைத்தாலும் அங்கே வந்தால் கோளாறு ஸ்லாட்டில், அல்லது பிராசசரிலோ அதன் சாக்கெட்டிலோ ஏதாவது ஊசி வளைந்திருக்கும்.

லாக்_வாசிப்பவன்:

பாட்டன் சொன்னதோடு ஒன்று. பிழை வந்ததும் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள். ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கருப்பு விண்டோ வரும், அதில் நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் திறக்கும். ஃபைல் ஓப்பனில் எக்ஸ் டிரைவ், விண்டோஸ், பாந்தர் என்று போனால் செட்டப்எர்ர் லாக் இருக்கும். எக்ஸ் டிரைவ் ரேமில் இருப்பதால் ரீஸ்டார்ட் ஆனதும் அழிந்துவிடும், ஆகவே பென்டிரைவுக்கு சேவ் ஆஸ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தடவை எடுத்த லாக்கில் வேறு வேறு ஃபைல் பெயர் இருந்தால் ரேம் சந்தேகம் வலுக்கும், ஒரே பெயர் என்றால் ஐஎஸ்ஓ பக்கம் திரும்புங்கள்.

நள்ளிரவு_நிரலி:

3600-இல் மெம்டெஸ்ட் முதல் பாஸிலேயே 3 எர்ரர். எக்ஸ்எம்பி ஆஃப் செய்ததும் 2666க்கு வந்தது, நான்கு பாஸ் சுத்தம். எஸ்எஸ்டியில் 199 பூஜ்ஜியம்.

இன்ஸ்டால் இப்போது 100 வரை போகிறது. ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி மொழி கேட்கும் முதல் திரைக்கே வந்து நிற்கிறது! இன்னொன்று: டிஸ்க் பட்டியலில் டிஸ்க் 0 என்று இருப்பது ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி டிஸ்க் 1. இது பிரச்சினையா?

சாட்டாகேபிள்:

முதல் திரைக்கு வர்றது பிழை இல்ல. பூட் வரிசையில பென்டிரைவ் மேல இருக்கு, அவ்வளவுதான். முதல் ரீஸ்டார்ட் ஆகி திரை கருப்பாகும்போது பென்டிரைவைப் பிடுங்கிடுங்க, அல்லது பயாஸ்ல விண்டோஸ் பூட் மேனேஜரை முதல்ல வைங்க.

டிஸ்க் 0 விஷயம்தான் கவனிக்க வேண்டியது. எண் போர்ட் வரிசையைப் பொறுத்தது, தன்னளவுல தப்பு இல்ல. ஆனா ஹார்டு டிஸ்க்ல ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்கள் இருக்கிற பகுதி) இருந்தா, விண்டோஸ் எஸ்எஸ்டிலயும் பூட் ஃபைல்கள் ஹார்டு டிஸ்க்லயும் போய் உட்கார்ந்திருக்கும். என்னைக்காவது அந்த டிஸ்க்கைக் கழட்டும்போதுதான் தெரியும். இப்பவே பவரை ஆஃப் பண்ணி, ஹார்டு டிஸ்க்கோட சாட்டா கேபிளைப் பிடுங்கி, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது இன்ஸ்டாலை மறுபடி முதல்லேருந்து பண்ணுங்க. எஸ்எஸ்டில இருக்கிற பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சு ஒரே காலி இடமா ஆக்கிட்டு நெக்ஸ்ட்.

நெட்ல டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைப் பிரிக்க, அழிக்க உதவுற விண்டோஸ் கட்டளைக் கருவி) திறந்து "செலக்ட் டிஸ்க் 0", "கிளீன்"னு அடிக்கச் சொல்ற வழிமுறைகள் நிறைய கிடக்கு. உங்க மெஷின்ல அதை அப்படியே அடிச்சிருந்தா ஃபோட்டோ எல்லாம் போயிருக்கும். கிளீன் "நிச்சயமா?"ன்னு கேட்காது. "லிஸ்ட் டிஸ்க்" போட்டு கொள்ளளவைப் பார்க்காம எண்ணைத் தொடாதீங்க.

நள்ளிரவு_நிரலி:

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு திரும்ப நிறுவினேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது. இனி எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடலாமா?

பயாஸ்_பாட்டன்:

அப்படியே 3600 வேண்டாம். எக்ஸ்எம்பியைத் தேர்ந்தெடுத்து, டைமிங்கையும் 1.35 வோல்ட்டையும் தொடாமல் வேகத்தை மட்டும் 3200 ஆக்குங்கள். விண்டோஸுக்குள் போகாமல் நேராக மெம்டெஸ்ட், நான்கு பாஸ். கெட்ட ரேமோடு விண்டோஸ் ஓடினால் ரெஜிஸ்ட்ரி முதல் உங்கள் ஃபைல்கள் வரை சத்தமில்லாமல் சிதையும். ஹார்டு டிஸ்க்கையும் அந்தச் சோதனை முடிந்த பிறகே மாட்டுங்கள். 3200-இலும் எர்ரர் வந்தால் ஸ்டிக்குகளை வாரண்டிக்குக் கொடுங்கள். ஜோடியாக வாங்கியது என்றால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.