எம்டன் குண்டு திருவள்ளூர் வரை போயிருக்குமா?

பாரிமுனைப் பையன்:
இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிறேன். ஐகோர்ட் மதிலோரம் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பார்த்ததிலிருந்து ஒரே குடைச்சல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது 10.5 செ.மீ. குழாய் விட்டமுள்ள பீரங்கியில். குண்டு கிளம்பும் வேகம் நொடிக்கு 690 மீட்டர், 30 டிகிரி தூக்கிச் சுட்டால் அதிகபட்சம் 12.2 கி.மீ. போகுமாம். பிளஸ் ஒன் சூத்திரத்தில் போட்டால் எனக்கு 42 கி.மீ. வருகிறது, கிட்டத்தட்ட திருவள்ளூர் வரை! ரெண்டு மூணு தடவை சரிபார்த்துவிட்டேன். எங்கே இடிக்கிறது அண்ணா?

ஆவடி மெக்கானிக்கல்:
கணக்கு சரிதான் தம்பி, காற்று இல்லாத உலகத்துக்கு. அந்தக் குண்டு சுமார் 17 கிலோ. ஒலியைப் போல ரெண்டு மடங்கு வேகத்தில் கிளம்பும்போது அதைக் காற்று பின்னால் தள்ளும் விசை, தோராயமாகப் போட்டாலே, அதன் எடையைப் போல 5, 6 மடங்கு வரும். புவியீர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு பெரியதை விட்டுவிட்டால் விடை எப்படி ஒத்துவரும்? எக்செல்லில் போட்டுப் பார். ஒரு வரிக்கு 0.01 நொடி. அந்தக் கணத்து வேகத்துக்குத் தடை எவ்வளவு, அதனால் வேகம் எவ்வளவு குறைகிறது, குண்டு இப்போது எங்கே, அப்புறம் அடுத்த வரி. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதையும் சேர்த்துக்கொள். டிராக் கெழுவை (குண்டின் வடிவத்துக்குக் காற்றுத் தடை எவ்வளவு என்று சொல்லும் எண்) மட்டும் ஒரே எண்ணாக வைக்காதே, ஒலிவேகத்தை ஒட்டி அது சட்டென்று எகிறும்.

பாரிமுனைப் பையன்:
நன்றி அண்ணா. அப்போ 45 டிகிரிதான் அதிக தூரம் என்பதும் போச்சா?

ஆவடி மெக்கானிக்கல்:
போச்சு. சாதாரண பீரங்கிக்குப் பொதுவாக 45-க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் 1918-இல் ஜெர்மானியர்கள் பாரிஸைச் சுட்ட பீரங்கிக்கு 50-க்கும் மேலே, ஏனென்றால் குண்டு சீக்கிரமே காற்று மெலிந்த உயரத்துக்குப் போய்விட வேண்டும். உச்சம் சுமார் 40 கி.மீ., தூரம் சுமார் 120 கி.மீ. மூணு நிமிஷம் பறப்பதால் பூமி சுழல்வதையும் கணக்கில் சேர்த்தார்கள்.

கடலூர்க்காரன்:
இந்தக் காற்றுத் தடையை முதலில் அளந்து காட்டியவர் எங்க ஊரில்தான் செத்தார், தெரியுமா? பெஞ்சமின் ராபின்ஸ். கனமான ஊசல்மேல் குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடித்தவர். வெவ்வேறு தூரத்தில் ஊசலை வைத்ததும் காற்று எவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்பது அம்பலமாகிவிட்டது. 1742-இல் புத்தகம் போட்டார், கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்படுத்த இங்கே வந்தவர், 1751-இல் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். பீச்சுக்குப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்!

பழைய கம்ப்யூட்டர்:
எக்செல் இருப்பதால் தம்பி பிழைத்தார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் குண்டு 60 நொடி பறக்கும் பாதை ஒன்றைக் கால்குலேட்டர் மெஷினில் போட ஒரு ஆளுக்குச் சுமார் 20 மணி நேரம். எவ்வளவு தூக்கிச் சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு பீரங்கிக்கு அட்டவணை போட அப்படி ஆயிரக்கணக்கில் பாதைகள் வேண்டும். எனியாக் கணினியைக் கட்டச் சொன்னதே இந்த வேலைக்குத்தான், அது 30 நொடியில் போட்டது, ஆனால் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது.

ராயபுரம் வாசி:
எல்லாம் சரி, அன்றைக்கு ராத்திரி எம்டன் நின்றது கரையிலிருந்து 3 கி.மீ.க்குள். அந்தத் தூரத்துக்குக் குழாயை லேசாகத் தூக்கினாலே போதும், 30 டிகிரிக்கு வேலையே இல்லை.