கேரீப் அணை: பார்த்தவர்கள் அனுபவம்

சாட்ஸ்வர்த், டர்பன்

கேப் டவுனுக்குக் காரில் போகும் வழியில், தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் தென்கோடியில் ஓர் இரவு தங்கினோம். ஊரின் பெயரே கேரீப் டேம்தான். அணை கட்ட வந்தவர்களுக்காக உருவான சின்ன ஊர். நம் ஆட்கள் பலர் பெட்ரோல் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆரஞ்சு ஆறு லெசோத்தோ மலைகளில் பிறந்து, வறண்ட நிலத்தின் குறுக்கே மேற்கு நோக்கி ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. நார்வல்ஸ்பாண்ட் என்ற ஊர் அருகே அது ஒரு மலையிடுக்கில் நுழைகிறது. அந்த வாயிலை மறித்து 1971-இல் கட்டி முடித்த சுவர் 88 மீட்டர் உயரம், 914 மீட்டர் நீளம். முழுவதையும் வளைவாகக் கட்ட முடியாத அளவுக்கு இடுக்கு அகலம். அதனால் நடுவில் மட்டும் வளைவு, இரண்டு பக்கமும் தன் கனத்தாலேயே நீரைத் தாங்கும் தடித்த சுவர். எதிரே உள்ள மேட்டில் நின்றால் இரண்டும் சேரும் இடம் நன்றாகத் தெரிகிறது. தண்ணீர் நீலமாக இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பால் தூக்கலாகப் போட்ட டீயின் நிறம் அதற்கு! மேலே உள்ள நிலங்களிலிருந்து ஆறு அரித்துக்கொண்டு வரும் வண்டல்தான் காரணம்.

எனக்கு நெஞ்சை அடைத்தது வேறு விஷயம். இந்தியர்கள் குடியேறவோ, சொத்து வாங்கவோ, கடை வைக்கவோ கூடாது என்று 1891-இல், அன்று தனி நாடாக இருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் சட்டம் போட்டது. அந்தத் தடை நீங்கியது 1986-இல். அணைக்கு வடகரை ஃப்ரீ ஸ்டேட், தென்கரை அப்போதைய கேப் மாகாணம். அப்படியென்றால், இவ்வளவு பெரிய அணை எழுந்து 15 வருடம் ஆகும் வரை அதன் வடகரையில் நம்மில் ஒருவர் வீடு எடுத்து வாழ முடியாது. என் தாத்தா லாரி ஓட்டியவர். இருட்டுவதற்குள் ஃப்ரீ ஸ்டேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்காக விடியுமுன்பே கிளம்புவாராம். வழியில் எங்கும் நிற்காமலிருக்க ஆயா புளிச்சோறு கட்டிக் கொடுப்பார். அணைக்கு அப்போது வைத்திருந்த பெயரோ ஹெண்ட்ரிக் வெர்வூர்ட், இனஒதுக்கலை முன்நின்று கட்டியெழுப்பிய பிரதமர். 1996-இல்தான் கேரீப் என்று மாற்றினார்கள்.

தங்கும் விடுதியில் பெயரும் கார் எண்ணும் மட்டும் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். இதை நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். பெரியவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

ஜொஹான்னஸ்பர்க்

அக்கா, தாத்தாவைப் பற்றி எழுதியது மனதைவிட்டுப் போகவில்லை. நான் சேலத்துக்காரன், மேட்டூரைப் பார்த்து வளர்ந்தவன். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கேரீப் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு, தென்னாப்பிரிக்காவிலேயே பெரிய நீர்த்தேக்கம்.

நான் மின்சார வேலையில் இருப்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். சுவரின் அடியில் நான்கு டர்பைன்கள், ஒவ்வொன்றும் 90 மெகாவாட், மொத்தம் 360. கெண்டல் என்ற ஒரே நிலக்கரி நிலையம் 4,000-க்கு மேல் என்னும்போது இது சின்ன எண்தான். ஆனால் ஆறிப்போன நிலக்கரி நிலையத்தைச் சூடாக்கி ஓடவைக்க மணிக்கணக்காகும். இங்கே மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம். ஊரே அடுப்பையும் கீசரையும் போடும் மாலை நேரத்தில் அதன் அருமை தெரியும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) சமயத்தில், தண்ணீர் கிடக்கிறதே, நாள் முழுக்க ஓட்டினால் என்ன என்று நண்பர்கள் என்னிடம் கோபமாகக் கேட்டார்கள். அந்தத் தண்ணீரை நம்பிப் பாசனமும் ஊர்களும் இருக்கின்றன. எவ்வளவு திறக்கலாம் என்பதை நீர்வளத் துறை முடிவு செய்கிறது, அரசு மின் நிறுவனமான எஸ்காம் அந்த அளவுக்குள் ஓட்டுகிறது. இங்கே திறந்த நீர் கீழே வாண்டர்க்ளூஃப் அணையில் தேங்கி, அங்கே இன்னும் இரண்டு 120 மெகாவாட் டர்பைன்களைச் சுற்றிவிட்டுத்தான் போகிறது. அணை நிரம்பி வழியும்போது மட்டும் கணக்கு வேறு. வீணாக வழிவதை டர்பைன் வழியாக விடுவதே லாபம் என்று இடைவிடாமல் ஓட்டலாம். 2021 தொடக்கத்தில் அப்படி வழிந்ததைப் பார்க்க என் மனைவியோடு போனேன். பக்கத்தில் நின்றவர் பேசுவது காதில் விழவில்லை. கைப்பிடிக் கம்பியில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தது. மழை வருடத்தில் போக முடிந்தால் விடாதீர்கள்.

போர்ட் எலிசபெத்

நான் அந்த அணையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதன் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். 2022 வறட்சியில் எங்கள் நகரத்தின் மேற்குப் பக்க அணைகள் ஏறக்குறைய வறண்டுவிட்டன. தங்கை வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. வாளிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்கள் பக்கம் மட்டும் எப்படி வருகிறது என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது கேரீப் தண்ணீர்.

நீர்த்தேக்கத்தின் தென்கரையில் ஓவிஸ்டன் என்ற ஊர். அங்கிருந்து மலைக்கடியில் 82.8 கிலோமீட்டர் சுரங்கம், 1975-இல் முடித்தது. அட்லாண்டிக் போக வேண்டிய ஆற்றுநீரில் ஒரு பங்கு அதன் வழியாகத் தெற்கே வந்து, ஃபிஷ் ஆற்றில் சேர்ந்து, கால்வாய் வழியே சண்டேஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. கடைசியில் நூயிட்கெடாக்ட் நிலையத்தில் சுத்திகரித்து எங்கள் குழாய்க்கு வருகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அதற்கப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர்கூடக் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போகிறது.

பள்ளி விடுமுறையில் அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஓவிஸ்டன் போகிறோம். நீருக்குள் நிற்கும் சுரங்க நுழைவுக் கோபுரத்தைக் கரையிலிருந்து பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். அண்ணா, கிட்டே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. போனவர்கள் வழி சொல்லுங்கள்.