மேஜர் டெய்லரை டிராக்கில் மறித்த விதமும் அவர் தப்பிய விதமும்

வளைதடம்:
1899-ல் மாண்ட்ரியாலில் ஒரு மைல் உலகப் பட்டம் வென்ற கறுப்பின சைக்கிள் வீரர் மார்ஷல் 'மேஜர்' டெய்லர். அமெரிக்க டிராக்கில் அவருக்கு நேர்ந்த மோதல்களைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'பாக்கெட்' போடுவதிலிருந்து தொடங்கலாம்.

முன்னால் ஒருவன், வலப்பக்கம் ஒருவன், பின்னால் ஒருவன். இடப்பக்கம் டிராக்கின் உள்விளிம்பு. நடுவில் மாட்டியவருக்கு வழியே இல்லை. டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க பெடலை எதிர்த்து அழுத்தணும்; பின்னால் ஒட்டி வருபவன் அதற்கும் விடமாட்டான். முன்னே போகிறவனின் பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் உரசினால் விழுவது நாம்தான். ஹேண்டில் நம் பிடியை விட்டுத் திரும்பிவிடும், அவனுக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்து டெய்லருக்குச் செய்தது இதுதான். கீழே தள்ளிவிட்டு 'தற்செயல்' என்று சொல்லிவிடலாமே!

பழையசெயின்:
தற்செயல் என்று சொல்லவே முடியாத ஒன்று 1897-ல் மாசசூசெட்ஸின் டான்டனில் நடந்தது. ஒரு மைல் பந்தயம் முடிந்ததும் வில்லியம் பெக்கர் என்ற வீரர் டெய்லரைக் கீழே இழுத்துப் போட்டு, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். போலீஸ் வந்துதான் விலக்கியது. தண்டனை? 50 டாலர் அபராதம். மறுபடி ஓட்ட வந்துவிட்டார்.

ஃபிக்ஸட்வீல்:
பாக்கெட்டுக்கு மருந்து திடீர்ப் பாய்ச்சல்தான். அதில் டெய்லருக்கு நிகர் குறைவு. ஆனால் கியர் பெரிதாக இருந்தால் பாய்ச்சல் வராது. 28 அங்குலச் சக்கரத்தில் முன்பல் 24, பின்பல் 7 என்று வைத்தால் 96 அங்குல கியர் (சக்கர விட்டத்தைப் பல் விகிதத்தால் பெருக்கியது); பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். கிளம்பிய பிறகு நன்றாக ஓடும், கிளம்புவதுதான் பாடு. சின்ன கியரில் சட்டென்று எழலாம், கடைசி 200 மீட்டரில் பெடல் சுற்றும் வேகத்துக்கு நம் கால்கள் ஈடுகொடுக்காது.

அவர் ஹேண்டிலை முன்தள்ளி வைத்ததையும் சொல்லணும். ஹேண்டிலைத் தாங்கும் தண்டில் நகர்த்தக்கூடிய நீட்சி ஒன்றைப் பொருத்தி, முதுகைக் கிடையாக வைத்து ஓட்டினார். ஹேண்டிலை வெறுமனே தாழ்த்தினால் முழங்கால் வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும். முன்னே தள்ளினால் காற்றும் குறையும், நெஞ்சுக்கும் இடம் கிடைக்கும். அந்த வகைத் தண்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

வளைதடம்:
ஐரோப்பாவில் அவர் கொடி பறந்ததற்கு இன்னொரு காரணம், அங்கே பெரிய பந்தயங்கள் இருவர் மட்டும் மோதுபவை. இருவரை வைத்து பாக்கெட் போட முடியாது. 1901 மே 16-ல் பாரிஸில் அவரை பிரெஞ்சு வீரர் எட்மண்ட் ஜாக்லன் வென்றார். அன்று நல்ல குளிர், டெய்லருக்கோ குளிர் ஆகாது. மே 27-ல் மறுபோட்டி, அதில் டெய்லர் வென்றார். முதல் நாள் வியாழன், அடுத்தது திங்கள். இரண்டுமே திருநாள் விடுமுறை. ஞாயிறு ஓட்ட மாட்டேன் என்ற அவருடைய பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் பிடிவாதத்துக்கும் கூட்டத்துக்கும் அப்படித்தான் ஒத்துப்போனது.

பழையசெயின்:
ஒரு திருத்தம். கறுப்பர்களைப் பந்தயத்திலிருந்தே தடுத்தார்கள் என்று பல இடங்களில் தப்பாக வருகிறது. அமெரிக்க வீல்மென் சங்கம் (சைக்கிள் ஓட்டிகள் சங்கம்) 1894-ல் கறுப்பர்களுக்கு மூடியது உறுப்பினர் கதவைத்தான். பந்தயப் பதிவை அல்ல. அந்தச் சந்து வழியாகத்தான் டெய்லர் உள்ளே வந்தார். அந்த விதியைச் சங்கம் 1999-ல்தான் கைகழுவியது. டெய்லர் சிகாகோ ஆஸ்பத்திரியில் ஏழையாக இறந்தது 1932-ல்.